ஊரில் சாவு, மும்பையில் துக்கம்! முகம் பார்க்காதவர்கள் மனம் தேறுவது எப்படி?

தந்தி வந்தால் குடியிருப்பே நடுங்கிய காலம் ஒன்று இருந்தது.

தாராவியிலும், சயானிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்திய பழைய தமிழர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். தந்திச் சேவகர் வாசலில் சைக்கிளை நிறுத்துவார். யார் பெயரைச் சொல்லப் போகிறாரோ என்று ஒவ்வொரு கதவிலும் ஒரு முகம் தெரியும்.

தந்தியில் மூன்று சொற்கள்தான் இருக்கும். "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட்."

'சீரியஸ்' என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் போய்விட்டார் என்றே பொருள். ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, உயிர் இருக்கலாம் என்ற நம்பிக்கையோடு ரெயில் ஏறுவார்கள். ஊர்க்காரர்களும் தெரிந்தேதான் அப்படித் தந்தி கொடுப்பார்கள். வழியில் பிள்ளை இடிந்து போய்விடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு.

2013 ஜூலை மாதத்தோடு தந்திச் சேவை முடிந்துவிட்டது. இப்போது செய்தி செல்போனில் வருகிறது. ஆனால் தந்தி கொண்டு வந்த துன்பம் மட்டும் முடியவில்லை. ஊரில் சாவு, பிழைக்க வந்த இடத்தில் பிள்ளை. இடையே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.

இந்தத் துக்கத்தை எப்படித் தாங்குவது? மனம் தேற வழி என்ன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் சொந்தக் கதையில் இருந்தே தொடங்குகிறேன்.

மூன்று இரவுகள்

நான் நெல்லை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். 1979-ல் பம்பாய் வந்தேன். தனியார் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. 1986 ஆவணி மாதம் எனக்கும் அந்தத் தந்தி வந்தது.

அன்று இரவே வி.டி. நிலையத்தில் சென்னை மெயிலில் ஏறினேன். முன்பதிவு இல்லாத பெட்டி. கதவு ஓரமாகத் துணிப்பையின் மேல் உட்கார்ந்து வந்தேன். சென்னையில் இறங்கி, ஒரு பகல் காத்திருந்து, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது மூன்று இரவுகள் கழிந்திருந்தன. வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள்.

அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எய்யா, உங்க அப்பா முகத்தை நீ பாக்கலியே!" என்று கதறினாள்.

மூத்த மகன் நான் இருக்க, கொள்ளி வைத்தவன் தம்பி. அவனே என்னைச் சுடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பால் தெளித்து எல்லாம் முடிந்திருந்தது. கருகிய மண்தான் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. "மூத்தவன்லா, தைரியமா நிக்கான்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் வரை இருக்க லீவு கிடைக்கவில்லை. எட்டாம் நாள் புறப்பட்டு வந்துவிட்டேன். வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

மணியார்டர் பாரம்

சம்பளம் வாங்கியதும் ஊருக்கு மணியார்டர் அனுப்புவது என் வழக்கம். அடுத்த மாதமும் தபால் ஆபீசுக்குப் போனேன். பாரம் வாங்கினேன். பெயர் எழுதும் இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். தந்தை பெயர், தெரு, ஊர், தாலுகா எல்லாம் எழுதினேன். கீழே செய்தி எழுதும் இடத்தில், "இவ்விடம் சுகம். அவ்விடம் சுகத்துக்கு எழுதவும்" என்று எழுதி முடித்தேன். அதற்குப் பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது.

ஏழு வருடமாக அந்தப் பணத்துக்கு ஒரு ரசீது திரும்பி வந்துகொண்டு இருந்தது. அதில் அப்பா கோணல் கோணலாகப் போட்ட கையெழுத்து இருக்கும். அதைத்தான் நான் கடிதம் போலப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இனி அது வராது.

பாரத்தைக் கிழித்துவிட்டு அம்மா பெயருக்கு எழுதினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு ஏதேதோ நடந்தது. தாதர் நிலையத்தில், தோளில் துண்டு போட்ட ஒரு முதியவர் கூட்டத்தில் முன்னே போனார். நடை அப்பாவின் நடை. படியேறி ஓடிப் போய் முகத்தைப் பார்த்தேன். வேறு யாரோ. இன்னொரு நாள் விடியற்காலையில் அப்பா இருமும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எரிச்சலை மட்டும் அவள் மேல் காட்டினேன். ஆபீசில் கணக்குகள் தப்பின.

காகா கேட்ட கேள்வி

பக்கத்து மேஜையில் ஒரு மராட்டியர் இருந்தார். வயதில் மூத்தவர். எல்லோரும் அவரைக் 'காகா' என்று கூப்பிடுவோம். ஐந்தாவது மாதம் நான் ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் கூட்டலைத் தப்பாகப் போட்டேன். காகா அதைத் திருத்திக் கொடுத்தார். சாயங்காலம் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உன் அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "எப்படி இறந்தார்?", "என்ன வயசு?" என்று கேட்டார்கள். "விதி, என்ன செய்வது? மனசைத் தேற்றிக்கொள்" என்றார்கள். காகா கேட்டது வேறு கேள்வி.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா உயரம். கறுப்பு. வெற்றிலை போடுவார். உழுதுவிட்டு வந்தால் மாட்டைக் குளிப்பாட்டாமல் தான் குளிக்க மாட்டார். நான் பம்பாய்க்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட வந்தவர், ஒரு வார்த்தை பேசாமல், மடியில் இருந்து ஐந்து ரூபாயை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார்.

அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. டீக்கடையில் எல்லோரும் பார்க்க அழுதேன். காகா "அழாதே" என்று சொல்லவில்லை. இன்னொரு டீ சொன்னார்.

அன்று இரவு ஐந்து மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

கேட்பதுதான் நம் வழக்கம்

பிறகு யோசித்துப் பார்த்தேன். காகா செய்தது நம் ஊரில் காலம் காலமாக நடப்பதுதான்.

சாவு வீட்டுக்குப் போவதை நெல்லைச் சீமையில் 'கேதம் கேட்கப் போவது' என்பார்கள். மற்ற இடங்களில் 'துக்கம் விசாரிக்கப் போவது' என்பார்கள். இரண்டு சொல்லையும் கவனியுங்கள். கேட்பது, விசாரிப்பது. ஆறுதல் சொல்வது பிறகுதான். முதலில், துக்கப்பட்டவர் பேச வேண்டும். வந்தவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நம் ஊர்ச் சடங்குகளில் இந்த வேலை ஒவ்வொன்றிலும் நடக்கிறது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது; உறவினர் வீட்டில் இருந்து சாப்பாடு வரும். துக்கத்தில் இருப்பவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு என்ன செய்தார் என்பதெல்லாம் அந்த ஒப்பாரியில் வந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் நடக்கும். முதல் வருடம் தீபாவளியும் பொங்கலும் கிடையாது. வருடம் திரும்பினால் தலைத் திவசம். கிறிஸ்தவர்களுக்கு முப்பதாம் நாள் செபம் இருக்கிறது. முஸ்லிம்கள் பலருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா இருக்கிறது. மதம் எதுவானாலும், துக்கத்துக்கு ஒரு நாள் கணக்கும், அதைக் கேட்க ஆட்களும் இருந்தார்கள்.

பிழைப்புக்காக ரெயில் ஏறியவனுக்கு இவை எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. அப்பா போனது ஒரு நஷ்டம். அந்த நஷ்டத்தைக் கேட்க ஊர் இல்லை என்பது இரண்டாவது நஷ்டம். பலருடைய மனம் உடைவது இந்த இரண்டாவதால்தான்.

ஆண்பிள்ளை அழலாமா?

அழலாம். தாராளமாக அழலாம்.

புறநானூற்றில் 'கையறுநிலை' என்றே ஒரு துறை உண்டு. அன்புக்குரியவர் இறந்தபின் செயலற்று நின்று பாடுவது அது. பாரி மாண்டபின் கபிலர் பாடினார். அதியமான் மாண்டபின் ஔவையார் பாடினார். கபிலர் ஆண்தான், பெரும்புலவர்தான். அவர் கண்ணீரை யாரும் கோழைத்தனம் என்று சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டாக நாம் அதைப் படித்துக்கொண்டு இருக்கிறோம்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல டாக்டர் 1969-ல் ஒரு புத்தகம் எழுதினார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளை அதில் சொன்னார். அது உலகம் எங்கும் பரவியது. ஆனால் அவர் பேட்டி கண்டது, நோயால் சாகும் தறுவாயில் இருந்தவர்களை. பின்னால் அதை, உற்றாரை இழந்தவர்களுக்கும் பொருத்திவிட்டார்கள். துக்கம் இப்படிப் படிப்படியாக இறங்கும் என்று இன்றைய டாக்டர்கள் சொல்வதில்லை. ஒருவருக்குக் கோபம் வராமலே போகலாம். இன்னொருவருக்கு ஒரு வருடம் கழித்து வரலாம். "எனக்கு இன்னும் அழுகை வரவில்லையே, நான் கல்நெஞ்சனா?" என்று யாரும் தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியது இல்லை.

வில்லியம் வோர்டன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1982-ல், துக்கப்பட்டவர் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் என்று சிலவற்றைச் சொன்னார். முதல் வேலை, இழப்பு உண்மைதான் என்று மனம் ஒப்புக்கொள்வது. முகம் பார்த்து, வாய்க்கரிசி போட்டு, சுடுகாடு வரை நடந்தவனுக்கு இதில் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது. முகம் பார்க்காதவனுக்கு நடப்பதில்லை. அதனால்தான் அவன் கை மணியார்டர் பாரத்தில் செத்தவர் பெயரை எழுதுகிறது.

1999-ல், நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பை நினைத்து உருகுவார். இன்னொரு நேரம் அதை மறந்து பிழைப்பைக் கவனிப்பார். இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வருவதுதான் இயல்பு. ஆகவே அப்பா இறந்த பத்தாம் நாள் நண்பர் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டால், அது பாவம் அல்ல. ஆறு மாதம் கழித்து ஆபீஸ் கழிவறையில் நின்று அழுதால், அது பைத்தியமும் அல்ல.

சரி, நான் கேட்ட இருமல்?

அதற்கும் பதில் இருக்கிறது. டெவி ரீஸ் என்ற டாக்டர் வேல்ஸ் நாட்டில், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் விசாரித்து, 1971-ல் வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோம், குரலைக் கேட்டோம், உருவத்தைப் பார்த்தோம் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. என்னைப் போலவே பயந்து, மறைத்து வைத்திருந்தார்கள்!

உடம்பையும் கவனிக்க வேண்டும்

துக்கம் மனத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஏறத்தாழ 2,000 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாட்களைவிட 21 மடங்கு அதிகமாக இருந்தது. நாள் போகப் போக அது குறைந்தது.

நம்மவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். செய்தி வந்ததும் மாத்திரைப் பெட்டியை மறந்து ஓடுகிறோம். இரண்டு நாள் பயணத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் பையில் முதலில் எடுத்து வைக்க வேண்டியது மாத்திரையைத்தான். கூடவே யாராவது ஒருவர் போவது நல்லது.

வீடியோவில் பார்த்த சாவு

இன்று விமானம் இருக்கிறது. மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ பறந்து, அன்றைக்கே ஊர் சேரலாம். ஊரில் குளிர்பெட்டி இருக்கிறது. பிள்ளை வரும்வரை வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரிடமும் விமானத்துக்குப் பணம் இருப்பதில்லை. தினக்கூலிக்கு நிற்பவர்களும், லீவு கிடைக்காதவர்களும் இன்றும் உண்டு.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா வந்தபோது பணம் இருந்தவர்களும் போக முடியவில்லை. 2020 ஊரடங்கின்போது ரெயிலும் ஓடவில்லை. செல்போன் திரையில் அப்பாவின் பாடையைப் பார்த்து, மும்பை அறையில் நின்றபடியே கும்பிட்டவர்கள் எத்தனை பேர்! அந்தத் துக்கம் பலருக்கு இன்னும் உள்ளே கிடக்கிறது. "அது முடிந்து போன கதை" என்று அவர்களே சொல்வார்கள். அவர்களையும் கேட்க வேண்டும்.

பெண்கள் நிலைமை

ஆண்களுக்காவது லீவு என்று ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கு?

பிறந்த வீட்டில் சாவு விழுந்தால், பெண் பதினாறாம் நாள் வரை ஊரில் இருக்க முடிவதில்லை. "பிள்ளைகளுக்குப் பரீட்சை", "எனக்குச் சமையல் யார் செய்வது?" என்று நாம்தான் அவசரப்படுத்துகிறோம். திரும்பி வந்த மறுநாளே அவள் டப்பாவில் சோறு கட்ட வேண்டும். ஊரில் என்றால் வாய்விட்டு ஒப்பாரி வைத்திருப்பாள். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் வேறு மொழிக்காரர்கள். சத்தம் வெளியே போகக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள்.

கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சோறு வடியுங்கள். அவளை உட்கார வைத்து, "உங்க அம்மா என்ன சொல்வாங்க, சொல்லு" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தனியாகிவிட்ட அம்மா

துக்கத்தோடு சேர்ந்தே இன்னொரு கேள்வி வரும். அப்பா போய்விட்டார். அம்மாவை என்ன செய்வது?

இதில் நான் ஒரு தவறு செய்தேன். அப்பா இறந்த இரண்டாம் மாதமே அம்மாவைப் பம்பாய்க்குக் கூட்டி வந்துவிட்டேன். ஊரார் மெச்சினார்கள். பத்துக்குப் பத்து அறை. நான் ஆபீஸ் போய்விடுவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். மனைவி தண்ணீருக்கும் ரேஷனுக்கும் வரிசையில் நிற்பாள். அம்மாவுக்குப் பேச ஆள் இல்லை, பாஷை தெரியாது, வெளியே போனால் திரும்பி வர வழி தெரியாது. ஊரில் அவளுக்குத் திண்ணை இருந்தது. சாயங்காலம் ஆனால் நாலு பெண்கள் வந்து உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள். புருஷனை இழந்தவளுக்கு மிச்சம் இருந்த தெருவையும் நான் பிடுங்கிவிட்டேன்.

நாலு மாதத்தில் அம்மா பாதியாக மெலிந்துவிட்டாள். ஒருநாள், "எய்யா, என்னை நம்ம வீட்லயே கொண்டு விட்டுரு. உங்க அப்பா படுத்திருந்த இடத்துல நான் படுத்துக்கிடுதேன்" என்றாள். கொண்டுபோய்த் தம்பி வீட்டில் விட்டேன். பிறகு இருபது வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தாள்.

இதனால் சொல்கிறேன். முதல் வருடத்தில் பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். வீட்டை விற்பது, நிலத்தைப் பிரிப்பது, தாயை இடம் மாற்றுவது எல்லாவற்றையும், முடிந்தால் தலைத் திவசம் வரை தள்ளிப் போடுங்கள். அம்மாவின் விருப்பத்தை அவள் வாயால் கேளுங்கள். அவளால் அங்கே தனியாக இருக்க முடியாது என்றால், ஒரேயடியாக அழைத்து வராமல், ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று பழக்குங்கள்.

தள்ளிப்போடக் கூடாத வேலையும் ஒன்று உண்டு. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயர், தந்தை பெயர், தேதி எல்லாம் ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும், அம்மாவின் பென்ஷனுக்கும் வங்கிப் பணத்துக்கும் பின்னால் அலைய நேரிடும்.

இங்கிருந்தே என்ன செய்யலாம்?

1. ஊருக்குப் போக முடியாவிட்டால், இங்கேயே ஒரு நாள் குறியுங்கள். பதினாறாம் நாள், படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி, ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கூப்பிடுங்கள். சாப்பாடு போட வசதி இல்லை என்றால் டீ போதும். இறந்தவரைப் பற்றி ஒவ்வொருவரும் பேசட்டும்.

2. பேசத் தயக்கமாக இருந்தால் எழுதுங்கள். அப்பாவுக்கே கடிதம் எழுதுங்கள். முகம் பார்க்க வர முடியாமல் போன காரணத்தை எழுதுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள்.

3. எப்போது முடிகிறதோ அப்போது ஒருமுறை ஊர் போய், சுடுகாடோ கல்லறையோ, அந்த இடத்தில் நில்லுங்கள். ஒரு வருடம் ஆகியிருந்தாலும் போங்கள். கடைசி நேரத்தில் கூட இருந்தவர்களிடம், என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாத இடத்தைத்தான் மனம் பயங்கரமாகக் கற்பனை செய்து நிரப்பும்.

4. பிள்ளைகளிடம் "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்", "தூங்குறார்" என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். உங்கள் கண்ணீரை அவர்கள் பார்த்தால் தவறு இல்லை.

5. குடியை நாடாதீர்கள். அன்றைக்கு மரத்துப்போகும், மறுநாள் தூக்கமும் கெடும், சோர்வும் கூடும். 'ஒருநாள்தானே' என்று தொடங்கியவர்கள் குடும்பத்தையே தொலைத்திருக்கிறார்கள்.

6. முதல் தீபாவளி, முதல் பொங்கல், இறந்தவரின் பிறந்த நாள், இறந்த நாள் இவற்றில் துக்கம் மறுபடி பொங்கும். முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று தனியாக இருக்காதீர்கள்.

ஊர்ச் சங்கங்கள் இதில் பெரிய உதவி செய்யலாம். கல்யாணத்துக்கு மொய் எழுதும் சங்கம், கேதத்துக்கும் இரண்டு பேரை அனுப்பட்டும். செய்தி வந்த இரவு டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஒருவர். திரும்பி வந்தபின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க ஒருவர். செலவு அதிகம் இல்லை.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

பெரும்பாலோருக்கு நாள் ஆக ஆக மனம் தேறிவிடும். சிலருக்குத் தேறாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நீடித்த துக்கம் என்பதும் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆறு மாதத்துக்கு மேலாகியும், அந்தந்த சமூகத்தின் வழக்கத்தை மீறி, ஏக்கம் கொஞ்சமும் குறையாமல், வேலையும் குடும்பமும் கெட்டுப் போகும் அளவுக்கு இருந்தால், அதற்குச் சிகிச்சை தேவை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்று வாரக்கணக்கில் நீடித்தால் ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். "நானும் போய்விட்டால் என்ன?" என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

எங்கே போவது? மும்பையில் சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால், முதலில் டெலிபோனில் பேசலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கப்பட்டது. எண் 14416. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று யார் கண்டது?

பக்கத்து மேஜையைப் பாருங்கள்

என் அம்மா 2011-ல் காலமானாள். அப்போது செல்போன் இருந்தது. கடன் வாங்கி விமானத்தில் போனேன். குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். முகம் பார்த்தேன். நானே கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் வரை இருந்தேன். ஊரே வந்து கேட்டது. வயிறார அழுதேன். அந்தத் துக்கமும் பெரியதுதான். ஆனால் அது என்னைப் பின்னால் வந்து தாக்கவில்லை.

காகா இப்போது இல்லை. அவர் இறந்தபோது நான் தானேயில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மகன் நின்றுகொண்டு இருந்தான். வருகிறவர்களுக்கு எல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டு, கண்ணில் துளி நீர் இல்லாமல் ஓடியாடிக்கொண்டு இருந்தான். அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். "வீட்டில் உன் அப்பா எப்படி இருப்பார்? எனக்கு ஆபீசில்தான் தெரியும்" என்றேன்.

அவன் சொல்ல ஆரம்பித்தான்.

உங்கள் பக்கத்து மேஜையிலோ, பக்கத்து அறையிலோ, போன மாதம் ஊர் போய் வந்தவர் ஒருவர் இருப்பார். சாதாரணமாக வேலை செய்துகொண்டு இருப்பார். நாளைக்கு டீ நேரத்தில் அவரைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்து கேளுங்கள்.